நம்பிக்கை என்னும் சொல்லும் நிச்சயம் என்னும் சுமையும்: மட்டக்களப்பு வாவிக்கரையை முன்வைத்துச் சில திறனாய்வுக் குறிப்புகள்

கிறிஸ்தவம் தன் அறவாழ்வின் அடித்தளமாக மூன்று பண்புகளைப் போற்றுவது யாவரும் அறிந்ததே. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாந் திருமுகத்தின் 13ஆம் அதிகாரம் அவற்றை ஒருங்கே வைத்துப் பேசும். தமிழ்ப் புரட்டஸ்தாந்தர் நெடுங்காலமாகப் பயின்றுவரும் பழைய மொழிபெயர்ப்பு இம்மூன்றையும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என வழங்குகின்றது. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இவற்றையே நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு எனப் பெயர்க்கின்றது. முந்தைய நூலில் இரண்டாம் பண்பின் பெயராயிருந்த நம்பிக்கை, பிந்தைய நூலில் முதற் பண்பின் பெயராகிவிட்டது. வடசொல்லை விடுத்துத் தமிழ்ச்சொல்லை ஏற்கும் விருப்பின் விளைவு இது என்று அமைதி காண்பது எளிது. ஆயின் சொல் இடம்பெயரும்போது பொருளும் ஓரளவு உடன் பெயர்கின்றது என்பதைத் திறனாய்வாளர் மறத்தல் இயலாது. விசுவாசம் என்னும் சொல் சுமந்துநின்ற ஐயமின்மை, நம்பிக்கை என்னும் சொல்லின் மேல் ஏற்றப்பட்டது. எதிர்காலத்தை நோக்கி ஏங்கி நிற்கும் பழைய பொருளோ, பேச்சுவழக்கில் இன்னும் வேரூன்றாத ஒரு புதுச்சொல்லிடம் ஒப்படைக்கப்பட்டது.

இவ்விடத்திலே தமிழின் பழைமை நமக்குத் துணைசெய்கின்றது. தொல்காப்பிய உரியியல் நம்பு என்னும் உரிச்சொல்லுக்கு நசை என்று பொருள் கூறும். நசையாவது விருப்பம்; பெறாத ஒன்றின்பாற் செல்லும் மனத்தின் நாட்டம். உறுதிப்பாடு, ஐயமின்மை ஆகிய பொருள்கள் அச்சூத்திரத்தில் இல்லை. ஆகவே தமிழில் நம்புதல் என்பது தோற்றத்தில் அறிவின் முடிவைச் சுட்டாது நெஞ்சின் வேட்கையைச் சுட்டியது எனக் கொள்ள இடமுண்டு. கிறிஸ்தவ சமயநம்பிக்கை நிச்சயத்தைத் தருகின்றதா, அன்றி நசையை மட்டுமே தருகின்றதா என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா. இறையியலாளருக்கு மட்டுமே உரிய வினாவாக இது தோன்றலாம். மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்து நோக்குவோர்க்கு இது மாண்டவர்களையும் காணாமற் போனவர்களையும் பற்றி நாம் எவ்வாறு பேசுகின்றோம் என்னும் வினாவாகவும் அமைகின்றது.

நாவற்குடா என்னும் ஊர்ப்பெயர் நாவல் மரத்தையும், நிலத்துள் வளைந்து புகுந்த நீரையும் சேர்த்துணர்த்துவது. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. வடக்கே கல்லடி, தெற்கே அண்மையிற் காத்தான்குடி. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஒருவர் மணியோசையும் பாங்கோசையும் மற்றவர் கேட்க வாழும் நிலப்பகுதி இது. இப்பகுதியின் அண்மைக்கால வரலாற்றில் வழிபாட்டிடங்களே கொலைக்களங்களாகிய நாட்கள் உள. 1988 யூன் 6ஆந் திகதி, மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராயிருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகள் தம் ஆலயத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். 1990 ஆகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். 2005 டிசம்பர் 25ஆந் திகதி, புளியந்தீவு மரியன்னை பேராலயத்தில் நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டு மாண்டார். 2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையிற் சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த தற்கொலைத் தாக்குதலில் உயிரிழந்தோருட் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த சிறுவர்கள். இவற்றுக்கிடையே 2004 டிசம்பர் 26ஆந் திகதி, நத்தாருக்கு மறுநாளாகிய ஞாயிற்றுக்கிழமை, கடல் எழுந்து இக்கரையைக் கொண்டுபோயிற்று. இத்தகைய ஒரு நிலத்திலே ‘கடவுள் காப்பார் என்பது நிச்சயம்’ என்று கூறும் சமயமொழி எதனைச் செய்கின்றது என்று ஆராய்தல் தகும்.

நிச்சயத்தின் மொழியைச் செவ்வையாகக் காணக்கூடிய இலக்கிய வகை சாட்சி எனப்படுவது. வழிபாட்டுக் கூட்டங்களிற் சொல்லப்பட்டும், சிறுநூல்களில் அச்சிடப்பட்டும் வரும் இவ்வகைக்கு ஒரு நிலையான அமைப்பு உண்டு. இடர் வருகின்றது, சொல்பவர் மன்றாடுகின்றார், இடர் நீங்குகின்றது, ஆகவே கடவுள் உண்மையானவர் என்னும் முடிவு பிறக்கின்றது. இவ்வகையின் உருக்கத்தையும், உயிர்பிழைத்தவரின் நன்றியுணர்வு மெய்யானது என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. பிழை அதன் தருக்கத்தில் உள்ளது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை தமிழ்நாட்டு வேளாங்கண்ணியைத் தாக்கியபோது பேராலயத்தினுள்ளே நீர் புகவில்லை. அதனை அற்புதம் என்று பலர் போற்றினர். அதே காலையிற் கடற்கரையிலும் கடைவீதியிலும் நின்ற யாத்திரிகர் பெருந்தொகையினர் மாண்டனர். அவர்களும் அவ்வன்னையை நாடி வந்தவர்களே. ஆலயத்தின் வறண்ட தரை கடவுளுக்குச் சான்றாகுமாயின், வெளியே கிடந்த உடல்கள் எதற்குச் சான்று? இவ்வினாவுக்குச் சாட்சி இலக்கியம் விடை கூறுவதில்லை; அதன் அமைப்பு அவ்வினாவைக் கேட்கவே இடந்தருவதில்லை. உயிர்பிழைத்தவர் தன்மையிடத்துப் பேச, மாண்டவர் கதையின் பின்புலமாகி மறைகின்றார்.

இக்குறை கிறிஸ்தவ மரபுக்குள்ளேயே இனங்காணப்பட்ட ஒன்று என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. யோபு நூலின் பெரும்பகுதி, துன்புற்றவனிடம் நிச்சயம் பேசிய நண்பர்களோடு அவன் நிகழ்த்தும் வழக்கே. அவர்கள் பிழையாக எதுவும் பேசியதாகத் தமக்குத் தோன்றவில்லை. மரபான இறையியலையே பேசினர். துன்பம் உண்டெனிற் குற்றமும் உண்டு என்பதே அவர்கள் முடிபு. நூலின் இறுதியிலே கடவுள் கடிந்துகொள்வது கேள்வி கேட்ட யோபுவை விடவும், தம் சார்பில் நிச்சயமாகப் பேசிய நண்பர்களையே. கடவுளுக்காக வாதாடுவோர் துன்புற்றவனுக்கு அநீதி இழைக்கக்கூடும் என்பதை இதனினும் கூர்மையாக எடுத்துரைத்த பழைய சமயநூல்கள் மிகச் சிலவே.

தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் இப்பிரச்சினையை ஆராய்வதற்கு எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் நல்லதொரு வாயில். 1827இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடியிற் பிறந்து, 1858இற் கிறிஸ்தவரான அவர், ஆங்கிலத்தில் ஜோன் பனியன் 1678இல் வெளியிட்ட உருவக நூலைத் தழுவி, கம்பனிடம் பயின்ற காவிய நடையில் 1894இல் இதனை நிறைவாக வெளியிட்டார். அவரே பின்னர் இரட்சணிய சமய நிர்ணயம் என்னும் உரைநடை நூலையும் எழுதினார். நிர்ணயம் என்பது முடிவுகட்டுதல். யாத்திரிகம் என்பதோ வழிச்செலவு. ஒரே ஆசிரியரிடத்து நிச்சயத்தை நாடும் வாதியும், வழியிடை நிற்கும் யாத்திரிகனும் உடனுறைந்தனர் என்பதற்கு இவ்விரு தலைப்புகளே போதிய சான்றாகும். காலம் எதனைப் போற்றியது என்பதும் நோக்கத்தக்கது. இன்று தமிழிலக்கிய மாணவர் விரும்பிப் பயில்வது வாதநூலை அன்று, யாத்திரிகத்தையே.

மூலநூலின் கதையமைப்பிற் பொதுவாகக் கவனம் பெறாத ஒரு கூறு உண்டு. யாத்திரிகனோடு முதலில் உடன்செல்பவனின் பெயர் விசுவாசத்தைக் குறிப்பது. மாயச் சந்தையிலே நீதியற்ற நீதிமன்று ஒன்று அவனைக் கொன்றுவிடுகின்றது. அவன் கொலையுண்ட அவ்விடத்திலிருந்தே இரண்டாந் துணைவன் புறப்படுகின்றான். அவன் பெயர் அக்காலத் தமிழ் விவிலியம் நம்பிக்கை என வழங்கிய பண்பைக் குறிப்பது. ஐயத்தின் கோட்டையிற் சிறைப்பட்டு உயிர்துறக்க எண்ணும் யாத்திரிகனைத் தடுப்பவன் இவனே. இறுதியில் மரண ஆற்றைக் கடக்கும்போது மூழ்கத் தொடங்குபவன், நெடுவழி நடந்து தேர்ந்த யாத்திரிகன். அவன் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்து, தன் காலுக்கு அடியில் தரை தட்டுப்படுகின்றது என்று சொல்பவன் இந்த இரண்டாந் துணைவன். பனியன் கடுங்கோட்பாட்டுச் சமயி. அவருடைய கோட்பாடு நிச்சயத்தை நாடிற்று. ஆயினும் அவருடைய கதை, நிச்சயம் கொலையுண்டுபோகும் இடங்களும் உள என்பதையும், அதன்பின் மனிதனை நடத்திச் செல்வது நசையே என்பதையும் அறிந்திருந்தது. கோட்பாட்டைவிடக் கதை ஆழமானதாக அமைவது இலக்கியத்தில் அரிதன்று.

காலுக்கு அடியில் தட்டுப்படும் தரை என்னும் இப்படிமம் மற்றொரு சிக்கலையும் தெளிவாக்க உதவும். எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தின் 11ஆம் அதிகாரம் சமயநம்பிக்கைக்கு வரைவிலக்கணம் கூறுவதாகக் கொள்ளப்படும். அங்கே பழைய தமிழ் மொழிபெயர்ப்பு உறுதி, நிச்சயம் என்னும் இரு சொற்களை ஆள்கின்றது. முதலாவதற்கு மூலமாகிய கிரேக்கச் சொல் ஹுபொஸ்தாசிஸ் என்பது. சொல்லமைப்பில் அது அடியில் நிற்பதைக் குறிக்கும். அதன் பொருள் பற்றி அறிஞரிடையே நெடிய விவாதம் உண்டு. அடியில் நிற்பது ஒன்று உளது என்பதும், அதனைக் கண்ணாற் கண்டுவிட்டோம் என்பதும் வேறு வேறு. வாவியில் இறங்கி வலைவீசுபவர் கலங்கிய நீரிலே தரையைக் காண்பதில்லை. காலால் உணர்ந்து அடுத்த அடியை வைக்கின்றார். அடுத்த அடியில் ஆழம் இருக்கலாம் என்பதையும் அவர் அறிவார். உரோமருக்கு எழுதிய திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்திற் பவுலும், காணப்பட்டுவிட்ட பொருளை எவரும் எதிர்நோக்குவதில்லை என்னும் கருத்தை முன்வைக்கின்றார். எனவே நிச்சயத்தை மட்டுமே விவிலியத்தின் குரலாகக் கொள்வது விவிலியத்துக்கே முழுமையாகப் பொருந்துவதன்று.

உயிர்ப்பு நிகழ்ச்சியை உரைக்கும் மாற்கு நற்செய்தியின் முடிவும் இதனை வலியுறுத்துகின்றது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய கிரேக்கப் பிரதிகளான சினாயிற்றிக்கஸ், வத்திக்கானஸ் ஆகிய இரண்டிலும் அந்நற்செய்தி 16ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தோடு முடிகின்றது. கல்லறைக்குச் சென்ற பெண்கள் அது வெறுமையாயிருப்பதைக் காண்கின்றனர், செய்தியைக் கேட்கின்றனர், அஞ்சி ஓடுகின்றனர், எவரிடமும் ஒன்றுஞ் சொல்லவில்லை. அத்துடன் நூல் நின்றுவிடுகின்றது. பின்வந்தோர் இம்முடிவைத் தாங்கமாட்டாது, காட்சிகளும் அற்புதங்களும் கொண்ட ஒரு பகுதியை இணைத்தனர். நிச்சயத்தின் மீதான மனிதப் பசிக்கு அப்பின்னிணைப்பு சான்று. 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிற்றுக்குப் பின் மட்டக்களப்பிலே மாற்கின் பழைய முடிவே வாழ்வுக்கு அண்மையாக ஒலிக்கின்றது. அஞ்சி வாயடைத்து நிற்கும் பெண்களும், அவர்களுக்குச் சொல்லப்பட்டு இன்னும் நிறைவேறாதிருக்கும் ஒரு சொல்லும் அங்கே எஞ்சுகின்றன.

தமிழ் அகத்திணை மரபை அறிந்தோர்க்கு இந்நிலை புதிதன்று. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். முல்லையின் உரிப்பொருள் இருத்தல். முல்லைப்பாட்டின் தலைவி தலைவன் வருவான் என அறிந்தவள் அல்லள். முதுபெண்டிர் விரிச்சி கேட்டுவந்து நற்சொல் உரைத்தபோதும் அவள் கலக்கம் முற்றாகத் தீர்வதில்லை. ஆயினும் அவள் ஆற்றியிருக்கின்றாள். அவ்விருத்தல் செயலற்ற நிலையன்று. வருந்தியும் வாயிலை நோக்கியும் இல்லத்தைக் காத்தும் நிற்கும் நிலை. திருவிவிலியம் எடுத்தாண்ட எதிர்நோக்கு என்னும் சொல்லுக்குத் தமிழ்க் கவிதை தரக்கூடிய உள்ளடக்கம் இதுவே. ஈழத்துக் கத்தோலிக்கரிடையே தவக்காலத்தில் வாசிக்கப்பட்டுவந்த வியாகுலப் பிரசங்கமும், அதனோடு இணைந்த ஒப்பாரியும் நெய்தலின் இரங்கலைக் கிறிஸ்தவ வழிபாட்டினுட் கொண்டுவந்தன. அவை மரணத்தை மரணமென்றே அழுதன; உயிர்ப்பை முன்கூட்டியே கூறி அழுகையை அடக்கவில்லை. புதிய வழிபாட்டு முறைகள் வெற்றிக் களிப்பையே முதன்மைப்படுத்தி இம்மரபைப் பின்தள்ளுமாயின், இழக்கப்படுவது ஒரு பழைய இசைவடிவம் மட்டுமன்று. இரங்கியும் இருக்கும் ஆற்றலும் உடன் இழக்கப்படும்.

இங்கு முற்போக்குச் சிந்தனையாளர் ஒரு தடையை எழுப்பக்கூடும். நிச்சயத்தை விடுத்து எதிர்நோக்கைப் பற்றுவது, அபினியின் அளவைக் குறைத்துக் கொடுப்பதேயன்றி வேறென்ன என்பது அத்தடை. மார்க்ஸ் 1844இல் வெளியிட்ட கட்டுரையிலே சமயத்தை அபினி எனக் கூறுமிடத்து, அதற்குச் சற்று முன்னரே அது ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சு என்பதையும் ஏற்றுக்கொண்டமை பலராற் சுட்டப்பட்டுள்ளது. இதனினும் முன்சென்றவர் ஜேர்மன் மார்க்சியரான ஏர்ன்ஸ்ற் புளொக். 1954 தொடக்கம் 1959 வரை மூன்று பாகங்களாக வெளிவந்த அவருடைய பெருநூல் எதிர்நோக்கையே மெய்யியலின் மையமாக்கிற்று. 1961இல் தூபிங்கன் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய தொடக்கவுரை, எதிர்நோக்கு ஏமாற்றமடையக் கூடுமா என்னும் வினாவை எடுத்துக்கொண்டது. ஏமாற்றமடையக் கூடியதாக இருந்தால்தான் அது எதிர்நோக்கு, அன்றேல் அது வெறும் உறுதிப்பாடு என்பது அவர் விடையின் சாரம். இறைமறுப்பாளராகிய அவர் கூறிய இவ்விலக்கணம் சமயத்துக்கு மட்டுமன்றி முற்போக்கு இயக்கங்களுக்கும் உரைகல்லாகும். வரலாற்றின் இறுதி வெற்றி தவிர்க்கவியலாதது என்று பேசிய அரசியல் மொழியும், விடுதலை நாளை விடியும் என்று ஆணையிட்ட தேசிய மொழியும் தத்தம் வழியில் நிச்சயத்தின் மொழிகளே. அவையும் மாண்டவர்களைத் தம் முடிவுக்குச் சான்றாக்கின. தம் கணக்கிற் சேராத மாண்டவர்களை, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் வீழ்ந்தவர்களைப் போன்றோரை, பேசாது விட்டன.

புளொக்கைப் பயின்று 1964இல் எதிர்நோக்கின் இறையியலை எழுதியவர் 2024இல் மறைந்த யூர்கன் மொல்ற்மன். 1943இல் ஹம்பேர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது, இளம்பராயத்தில் விமான எதிர்ப்புப் பிரிவிற் பணிக்கப்பட்டிருந்த அவருக்கருகே நின்ற நண்பர் கொல்லப்பட்டார். பின்னர் 1948 வரை போர்க்கைதியாயிருந்த காலத்திலே, சிலுவையிற் கைவிடப்பட்ட யேசுவின் கதறலை மாற்கு நற்செய்தியிற் படித்து, அக்கதறலின் வழியே அவர் சமயத்துள் வந்தார். தாம் பிழைத்தமைக்குக் காரணம் கற்பிக்காது, நண்பர் ஏன் மாண்டார் என்னும் வினாவைக் கைவிடாது நின்றமையே அவருடைய இறையியலுக்கு வலுவளித்தது. சாட்சி இலக்கியத்தின் தருக்கத்துக்கு இது நேர்மாறானது. உயிர்ப்பை அவர் துன்பத்துக்குக் கூறப்படும் விடையாகக் கொள்ளவில்லை. துன்பத்துக்கு எதிரான ஒரு வாக்குறுதியாகவும், இன்றைய உலகோடு இணங்கிப்போக மறுப்பதற்குரிய நியாயமாகவும் கொண்டார்.

இத்தகைய எதிர்நோக்கு ஐரோப்பியச் சிந்தனையாளரிடமிருந்து இங்கு இறக்குமதியாக வேண்டியதன்று. மட்டக்களப்பின் கிறிஸ்தவ வரலாறே அதனை உணர்த்தும். 1814இல் இலங்கை வந்த முதல் மெதடிஸ்த குழுவினருள் ஒருவரான வில்லியம் ஓல்ற், தம் மனைவியைக் கடற்பயணத்திலேயே இழந்து தனியராக மட்டக்களப்பை அடைந்தார். பாடசாலைகளைத் தொடங்கினார். 1815 ஏப்ரலில், ஓராண்டுகூட நிறையுமுன்னர், நோயுற்று மாண்டார். தாம் விதைத்தது முளைக்கும் என்பதற்கு அவர் கண்ட சான்று யாதுமில்லை. மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்று தன் தோற்றத்தை 1814இல் வைத்து எண்ணுகின்றது. மிசனரிமாரின் பணிக்கும் காலனித்துவத்துக்கும் இடையிலான உறவை மறக்காமலேயே, அவருடைய இறுதி மாதங்கள் நிச்சயமின்றிச் செய்யப்பட்ட பணி என்பதை ஏற்கலாம்.

1990ஆம் ஆண்டின் ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்கள் இன்னும் கடுமையான உரைகல். ஆகஸ்ட் 15ஆந் திகதி, அமெரிக்க யேசுசபைத் துறவியான யூஜின் ஹேபேர்ட் அடிகள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன்வந்த இளைஞரோடு காணாமற் போனார். செப்டெம்பர் 5ஆந் திகதி வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திற் புகலடைந்திருந்த மக்களுள் 158 பேர் படையினரால் அழைத்துச் செல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. செப்டெம்பர் 9ஆந் திகதி சத்துருக்கொண்டானிலும் அயலூர்களிலும் பிடிக்கப்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். காணாமற் போனோரின் தாயார்களிடம் ‘உம் மகன் நிச்சயமாக வருவான்’ என்று கூறுவது கொடுமை. ‘நிச்சயமாக மாண்டுவிட்டான், மரணச் சான்றிதழைப் பெற்றுக்கொள்’ என்று அரசு கூறுவதும் கொடுமை. இரண்டும் வழக்கை முடித்துவைக்கும் மொழிகள். அத்தாய்மார் கையிலே படத்தோடு வீதியோரம் அமர்ந்திருக்கும்போது அவர்கள் பேணுவது இவ்விரண்டுக்கும் இடையிலான நிலை. மகன் திரும்பாவிடினும் உண்மை திரும்பவேண்டும் என்னும் நசை அது. ஹேபேர்ட் அடிகளின் சபையைச் சேர்ந்த ஹரி மில்லர் அடிகளும், மட்டக்களப்புச் சமாதானக் குழுவினரும் அக்காலத்திலே காணாமற் போனோர் பற்றிய முறைப்பாடுகளைக் கேட்டுப் பதிவுசெய்து வந்தனர். பதில் கிடைக்கும் என்னும் உறுதி அவர்களுக்கு இருந்திருக்க இயலாது. ஒரு பெயரைப் பிழையின்றி எழுதிவைப்பது, அதனைக் கேட்கும் நீதிமன்று ஒருநாள் கூடும் என்பதன்மேற் கொண்ட எதிர்நோக்கின் செயல்வடிவம்.

இவற்றிலிருந்து ஒரு திறனாய்வு அளவுகோலை வகுக்க இயலும். சமயமொழியோ அரசியல்மொழியோ, தன் முன் நிற்கும் மாண்டவர்களை என்ன செய்கின்றது என்று கேட்பதே அவ்வளவுகோல். நிச்சயத்தின் மொழி அவர்களைச் சான்றாக்கும், அல்லது மறைக்கும். எதிர்நோக்கின் மொழி அவர்களைத் தீர்க்கப்படாத வழக்கின் உரிமையாளராக நிறுத்தும். முதலாவது தன் சமூகத்துள் மட்டுமே பேச வல்லது. ஏனெனில் ‘எம்மைக் காத்தார்’ என்னும் கூற்று, காக்கப்படாத அயலவன் முன் உரத்துச் சொல்லக் கூடியதன்று. இரண்டாவது சீயோன் தேவாலயத்துச் சிறுவரையும் காத்தான்குடிப் பள்ளிவாசலில் வீழ்ந்தோரையும் ஒரே மூச்சிற் பேசவல்லது. நாவற்குடாவைப் போன்ற எல்லையூர்களில் வாழ்வோர்க்கு இவ்வேறுபாடு நூலாராய்ச்சியோடு நிற்பதன்று. அயலவனோடு நாளையும் சந்தையிலும் வீதியிலும் முகங்கொடுத்து வாழவியலுமா என்பது அதனைப் பொறுத்தது.

கிறிஸ்தவ நம்பிக்கை இம்மண்ணில் தன் நேர்மையைக் காக்க விரும்பின், தொல்காப்பியம் அச்சொல்லுக்குக் கண்ட பொருளுக்கு மீள்வது நன்று. நசை ஏமாறக்கூடியது, ஆதலின் அது அடக்கமுடையது. நசை இன்னும் பெறாதது. ஆதலின் அது உறங்காதது. புதிய விவிலியம் எதிர்நோக்கு என்னும் நல்ல சொல்லொன்றைத் தமிழுக்குத் தந்துள்ளது. அதனை மீண்டும் நிச்சயத்தின் மறுபெயராக்கிவிடாது காப்பது மறையுரை ஆற்றுவோரின் பொறுப்பு மட்டுமன்று. தமிழ்ச்சொற்களின் வரலாற்றை ஆராயும் நம்மவர் பொறுப்புமாகும்.